பொன்னாடையும் திருத்தமும்

மீலாது விழாவையொட்டிக் கவியரங்கம் கூட்டுவது தமிழ் முஸ்லிம்களிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கம். செங்கற்பட்டிலும் அதனையடுத்த கடலோர ஊர்களிலும் பாட்டெழுதத் தொடங்கும் இளைஞர்கள் நம்மிடம் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு: “பாட்டை அவையில் வைக்கும்போது, கேட்டு மகிழுங்கள் என்று மட்டும் சொல்லி வைப்பதா? குறையிருப்பின் கூறுங்கள் என்று கேட்டு வைப்பதா?” சிறிய வினாப்போல் தோன்றினும் இது சிறிய வினா அன்று. இதற்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே நம் பிள்ளைகள் கவிஞராவதும் வெறும் மேடைப் பழக்கத்தினராவதும் அமையும்.

இன்றைய வழக்கம் யாது? பாடி முடித்ததும் ‘மாஷா அல்லாஹ்’ என்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், அடுத்தவரை அழைக்கிறோம். தளை தட்டிய இடத்தையோ பொருள் மயங்கிய இடத்தையோ எடுத்துக்காட்ட ஒருவரும் முன்வருவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் போற்றிய பாட்டில் குறை காண்பது அவர்தம் புகழுக்கே குறை காண்பதாகிவிடுமோ என்னும் அச்சமே இதற்குத் தலையாய காரணம். பாடுபொருளின் தூய்மை பாட்டின் பிழைக்குக் கேடயமாகிவிடுகிறது.

இவ்வச்சம் பொருந்தாது என்பதற்கு அரபு இலக்கியமே சான்று. உக்காழ் சந்தையில் நாபிகா அத்துப்யானீ என்னும் முதுபெரும் புலவருக்குச் செந்தோற் கூடாரம் அமைப்பர். கவிஞர் வந்து பாட, அவர் தீர்ப்புரைப்பார். பின்னாளில் பெருமானாரின் கவிஞராய் விளங்கிய ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களும் அங்கே பாடினார்கள் என்றும், தம் குலத்தாரின் விருந்துக் கலங்களையும் வாள்களையும் குறிக்குமிடத்துச் சிறுதொகைப் பன்மையை ஆண்டமையால் பெருமை சுருங்கிற்று என்று நாபிகா கூறினார் என்றும் இலக்கண ஆசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். பாடியவரின் குலத்தையோ குணத்தையோ அவர் பழிக்கவில்லை. ஒரு பன்மை விகுதியைச் சுட்டினார். திறனாய்வு என்பது இதுவே.

இதனினும் சிறந்த சான்று கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் வரலாறு. முன்னர்ப் பகைமை பாராட்டிய அவர், மதீனா வந்து நாயகத்தின் திருமுன் நின்று பாடினார். பெருமானார் தம் போர்வையையே அவருக்கு அளித்தார்கள் என்பது மத்ரஸா மாணவரும் அறிந்த செய்தி. ஆனால் அப்பாட்டில் நாயகத்தை வாளுக்கு ஒப்பிட்ட இடத்தில், வாள் பிறந்த நாட்டைச் சுட்டிய சொல்லை நீக்கி, அதனை இறைவனோடு சார்த்திச் சொல்லுமாறு அவர்கள் திருத்தினார்கள் என்றும் உரைகாரர் சிலர் கூறுவர். போர்வையை நினைவில் வைத்த நாம் திருத்தத்தை மறந்தோம். நாயகத்தின் புகழ்ப்பாட்டு நாயகத்தின் முன்னிலையிலேயே திருத்தம் பெற்றது எனின், நம் கவியரங்கப் பாட்டுக்குத் திருத்தம் கூடாது என்பது எவ்வாறு தகும்?

அங்ஙனமாயின் எல்லாப் பாட்டையும் அவையேற்றிக் குற்றம் ஆராய வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. முனாஜாத்து என்பது அடியான் இறைவனிடம் தனித்து முறையிடுவது. அதனைக் கேட்போன் இறைவன். அங்கே மூன்றாமவருக்கு இடமில்லை. அவைக்கு வரும் பாட்டின் நிலை வேறு.

இவ்வேற்றுமை மறக்கப்பட்டால் விளைவது என்ன என்பதை இராமலிங்க வள்ளலாரின் பாடல்கள் பட்ட பாட்டில் காணலாம். அவை வழிபாடாய்ப் பிறந்தவை. அன்பர்கள் வற்புறுத்தியதன்மேல் 1867-ல் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறின. ஆறாம் திருமுறையோ 1874-க்குப் பின்னர், 1885-ல்தான் வெளிவந்தது. வெளிவந்த பாடல்களுக்கு மாணாக்கர் சூட்டிய ‘திருவருட்பா’ என்னும் பெயரே பூசலுக்கு வித்தாயிற்று. பழைய திருமுறைகளுக்குரிய தகுதியைப் புதிய பாடல்களுக்கு அளிக்கலாமா என்று ஆறுமுக நாவலர் வினவினார். வினவத்தக்க வினாவே அது. ஆயினும் விவாதம் பாட்டை விட்டுப் பாடியவர்மேல் பாய்ந்தது. 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருதரப்பிலும் கண்டன நூல்கள் பெருகின. பாட்டின் சொல்லையும் பொருளையும் ஆராய்ந்த பக்கங்கள் அவற்றுள் மிகச் சிலவே.

பின்னர் அப்பூசல் மீண்டும் மூண்ட காலத்தில், அருட்பாவின் பக்கம் நின்று பேசியவர் இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். அவர் சைவர் அல்லர், எக்கட்சியிலும் பிறந்தவர் அல்லர், தமிழறிந்த முஸ்லிம். அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தில் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தனர். பாட்டைப் பாட்டாகப் படிக்க வல்லவருக்கு மாற்றுச் சமயத்தார் செய்த சிறப்பு அது.

பூசல் இவ்வளவு முற்றியதற்கு அச்சுப்பொறியும் ஒரு காரணம் என்போம். பழந்தமிழ் மரபில் நூல் அரங்கேற்றத்துக்குப் பின்னரே உலகில் உலவிற்று. தொல்காப்பியத்தை அதங்கோட்டாசான் கேட்டார், தடை எழுப்பினார், ஆசிரியர் விடை கூறினார் என்பர். உருதுக் கவிஞர்களும் தம் கஸலை உஸ்தாதிடம் காட்டி ‘இஸ்லாஹ்’ பெற்ற பின்னரே முஷாயிராவுக்குச் செல்வது மரபு. அச்சு வந்தபின் புகழ் மட்டும் சாற்றுக்கவியாய் நூலின் முகப்பில் இடம்பெற்றது. குறை கண்டனமாய்த் தெருவுக்குச் சென்றது. ஒரே அவையில் அடுத்தடுத்து அமர வேண்டிய இரண்டும் பிரிந்துபோயின.

மாமல்லபுரம் செல்வோர் அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தைக் கண்டு வியப்பர். அதற்குத் தெற்கே சிறிது தொலைவில் அதே பொருளைச் செதுக்கத் தொடங்கி முற்றுப்பெறாது நின்ற மற்றொரு பாறையும் உண்டு. கல்லில் உளி விழுந்தபின் வெட்டிய பகுதியை மீண்டும் ஒட்டவைத்தல் இயலாது. ஆதலின் பாறையில் கோடிடும்போதே ஆசான் பிழை கூறியாக வேண்டும். கவிஞனுக்கோ அவ்விடர் இல்லை. ஏட்டில் உள்ளவரை எச்சொல்லையும் மாற்றலாம். அவ்வாய்ப்பை வீணாக்கிவிட்டு, அச்சேறிய பின் குறை கூறுவோரைப் பகைப்பது அறிவுடைமையாகாது.

ஆகவே இளைஞர்களுக்கு நம் விடை இது: உங்கள் பாட்டு முனாஜாத்தாயின் உங்களோடே இருக்கட்டும், ஆறுதலுக்காக நண்பரிடம் காட்டினும் அதனைச் சொல்லியே காட்டுங்கள். அவைக்குரியதாயின், அவைக்கு முன்னரே இருவர் மூவரிடம் குறை கேட்டுத் திருத்திக்கொண்டு வாருங்கள். குறை கூறுவோரும் நாபிகாவைப்போல் இடத்தைச் சுட்டிக் கூறுக, பாடியவனைத் தீண்டற்க. மாற்றுச்சொல் ஒன்றேனும் தர இயலுமாயின் தருக.

கவியரங்கம் நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். விழாவுக்கு ஒரு கிழமை முன்னதாக, பாடவிருப்போரையும் தமிழறிந்த ஆசிரியர் சிலரையும் பள்ளிவாசல் திண்ணையிலோ மத்ரஸா வகுப்பறையிலோ ஒருசேர அமர்த்துங்கள். ஒலிபெருக்கி வேண்டா, பொன்னாடை வேண்டா. ஒவ்வொருவரும் பாடட்டும், குறைகள் கூறப்படட்டும், எழுதியவர் விடை கூறட்டும், அல்லது திருத்தட்டும். விழா மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது, அதனைப் பெறுபவர்க்கும் தருபவர்க்கும் கூச்சம் இராது.