விசிலுக்காக விட்ட இடைவெளி

'மாஸ்டர்' படத்தை 2021 ஜனவரியில், வெளியான வாரத்திலேயே, சிங்கப்பூரில் ஒரு திரையரங்கில் பார்த்தேன். வாசலில் ட்ரேஸ்டுகெதர் ஸ்கேன். உள்ளே ஆட்களுக்கு நடுவே காலி இருக்கைகள். முகத்தில் கவசம். விளக்கு அணைந்து விஜய் பெயர் திரையில் வந்ததும் பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். நாலைந்து தட்டு, அவ்வளவுதான். வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அவரே நிறுத்திவிட்டார்.

படத்தைப் பற்றி நண்பர்கள் கேட்டபோதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்தக் கைதட்டல்தான்.

பெரிய கதாநாயகர் படங்களில் விசிலுக்கென்று இடம் விட்டுத்தான் காட்சி அமைப்பார்கள். நாயகன் நடந்து வருவான், திரும்புவான், ஒரு வசனம் பேசுவான். அடுத்த வசனம் உடனே வராது. பின்னணி இசை மட்டும் ஓடும். அந்த நேரம் திரையில் இருப்பவருக்கானது அல்ல, கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கானது. லோகேஷ் கனகராஜ் இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்தவர். ஆனால் அன்று அந்த இடங்கள் எல்லாம் அப்படியே காலியாகக் கிடந்தன. ஜேடி அறிமுகமாகும் காட்சி எதற்கு இவ்வளவு நீளம் என்று தோன்றியது. தன் பழைய கதை என்று ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு சினிமாக் கதையை ஜேடி அவிழ்த்துவிடுவது நல்ல நகைச்சுவைதான். ஆனால் 'டேய், இது அந்தப் படம்டா' என்று பக்கத்து சீட்டுக்காரன் கத்தினால்தான் அது முழுசாகும். பக்கத்து சீட்டில் ஆளே இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, அமைதியில் நன்றாக இருந்த பகுதிகளும் உண்டு. சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்களைத் தன் குற்றங்களுக்குப் பலி கொடுக்கும் பவானியாக விஜய் சேதுபதி அலட்டாமல் நடித்திருக்கிறார். அவர் வரும் இடங்களில் கூச்சல் இல்லாதது லாபம். ஜேடி குடிபோதையில் கிடக்க, அவரை நம்பிய இரண்டு சிறுவர்கள் செத்துப்போகும் இடத்தில் அரங்கின் மௌனம் படத்தோடு சேர்ந்துகொண்டது. ஆக, ஒரே படத்துக்குள் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றுக்குக் கூட்டம் வேண்டும், மற்றதற்கு வேண்டாம். கூட்டம் வேண்டிய படம்தான் அளவில் பெரியது. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தை அது தாங்கவில்லை.

'தியேட்டரில் பார்க்க வேண்டிய படம்' என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக அமேசான் பிரைமில் வந்ததிலிருந்து, அக்டோபரில் 'க/பெ ரணசிங்கம்', நவம்பரில் 'சூரரைப் போற்று' என்று இணையத்துக்குப் போன படங்களுக்கு எதிராக, மாதக்கணக்கில் காத்திருந்து அரங்குக்கு வந்த படம் 'மாஸ்டர்'. தமிழ்நாட்டில் ஜனவரி 4ஆம் தேதி 100 சதவீத இருக்கைகளுக்கு அனுமதி கொடுத்து, மத்திய அரசு ஆட்சேபித்ததும் சில நாட்களில் 50 சதவீதத்துக்கே திரும்பினார்கள். இங்கே 2020 ஜூலை 13 அன்று திரையரங்குகள் மீண்டும் திறந்தபோது ஓர் அரங்குக்கு 50 பேர் என்று வரம்பு இருந்தது, பிறகு படிப்படியாகத் தளர்ந்தது. எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்பதுதான் எல்லா ஊரிலும் பேச்சு. வராதவர்கள் யார் என்ற பேச்சு எங்கும் இல்லை.

இங்கே பதில் தெரிந்ததுதான். 'மாஸ்டர்' முதலில் வருவதாக இருந்த தேதி 2020 ஏப்ரல் 9. அதற்கு நான்கு நாள் முன்னால், ஏப்ரல் 5 அன்று, பொங்கோல் எஸ்11, தோ குவான் வெஸ்ட்லைட் ஆகிய இரண்டு ஊழியர் தங்கும் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. ஏப்ரல் 7 முதல் நாடு முழுக்க சர்க்கிட் பிரேக்கர். ஜூன் மாதத்தில் நாங்கள் மெதுவாக வெளியே வந்தோம். விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் வரவில்லை. வேலைக்குப் போனார்கள், விடுதிக்குத் திரும்பினார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்ததாக அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கமே சொன்னது. பங்களாதேஷ்காரர்கள், சீனர்கள் என்று பலரும் இருக்கும் கூட்டம் அது. அதில் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர் பையன்களும் உண்டு. சிங்கப்பூரில் தமிழ்ப் படத்தின் முதல் நாள் விசில் பெரும்பாலும் அவர்களுடையது.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்கா நிரம்பி வழியும். பணம் அனுப்பும் கடை வரிசை, ரேஸ்கோர்ஸ் சாலைத் திடலில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்கள். அங்கிருந்து நடக்கும் தூரம்தான் மெக்கன்சி சாலை. 1946இல் திறந்த ரெக்ஸ், இடையில் மூடிக்கிடந்து, 2009இல் மீண்டும் திறந்து தமிழ்ப் படம் போட்ட இடம். பெரிய படம் வரும் வாரத்தில் நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தவன். கூச்சல் அடங்கட்டும், வசனம் காதில் விழட்டும் என்று பத்து நாள் கழித்து, வேறு வட்டாரத்தில், வார நாள் மாலைக் காட்சிக்குப் போவேன். 'ரசனை' என்று அதற்கு மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன். 2021 ஜனவரியில் நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. வசனம் எல்லாம் தெளிவாகக் காதில் விழுந்தது. படம்தான் விழுந்துவிட்டது.

துவாஸில் கப்பல் பட்டறை வேலை செய்யும் தம்பி ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். விஜய் படம் என்றால் முதல் காட்சிக்கு ஒரு மாதம் முன்பே காசு ஒதுக்கி வைப்பவர். 'மாஸ்டர்' பார்த்தாச்சா என்று போனில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "எங்கண்ணே, பிரைம்ல வந்தப்புறம்தான். பன்னெண்டு பேரு ரூமு, ஆளுக்கு ஒரு போனு, ஆளுக்கு ஒரு ஹெட்போனு" என்றார். படம் அரங்குக்கு வந்த பதினாறாம் நாள், ஜனவரி 29, பிரைமில் வந்திருந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே படத்தைத் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தத் தம்பி அதிகம் பேசியது வேறு படத்தைப் பற்றி. 'க/பெ ரணசிங்கம்'. ராமநாதபுரத்துக்காரன் ஒருவன் வளைகுடாவுக்குப் போய் அங்கே இறந்துவிடுகிறான். அவன் உடலைக் கொண்டுவர மனைவி அரியநாச்சி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். விருமாண்டி இயக்கிய படம். அதிலும் விஜய் சேதுபதிதான் ரணசிங்கம். நடிகராவதற்கு முன் துபாயில் கணக்கு வேலை பார்த்தவர் அவர். படத்தில் பிரசங்கம் அதிகம். ரணசிங்கம் உயிரோடு இருக்கும் காட்சிகளில் எல்லாப் பிரச்சினைக்கும் அவனிடம் ஒரு சொற்பொழிவு தயாராக இருக்கிறது. ஆனால் ஐஸ்வர்யா ராஜேஷ் கையில் குழந்தையோடு வரிசையில் நிற்கும் காட்சிகளில் படம் பேசுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறது. அவை நன்றாக எடுக்கப்பட்டவை. நான் அதை வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்த்து, 'நீளம் அதிகம்' என்று குறிப்பு எழுதி வைத்தேன். தம்பி சொன்னார்: "அண்ணே, அதப் பாதிக்கு மேல பாக்க முடியல. வீட்டுக்குப் போன் போட்டுட்டேன்."

எந்தப் படம் தியேட்டருக்கு, எந்தப் படம் போனுக்கு என்று நாம் பிரித்த பிரிப்பு எவ்வளவு தலைகீழானது என்று அப்போதுதான் உறைத்தது. அவர்களைப் பற்றிய படம் தனித்தனி போன்களுக்குப் போனது. அது சேர்ந்து பார்த்திருக்க வேண்டிய படம். பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் தம்பி முழுதாகப் பார்த்திருப்பாரோ என்னவோ. அவர்கள் விசிலை நம்பி எடுத்த படம் அவர்கள் இல்லாத அரங்குக்கு வந்தது.

2021 செப்டம்பரில்தான் தடுப்பூசி போட்ட ஊழியர்கள் வாரத்துக்கு 500 பேர் வரை, முன்னோட்டமாக, தேக்கா வர அனுமதி கிடைத்தது. 2022 ஜூன் 3 அன்று அதே லோகேஷின் 'விக்ரம்' வந்தபோது நாங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறந்திருந்தோம். அரங்கு நிறைந்தது, விசில் பறந்தது, சினிமா மீண்டுவிட்டது என்று எல்லோரும் எழுதினோம், நானும்தான். அந்த மாதக் கடைசியில் விதிகள் தளர்ந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை தேக்கா வர அவர்களுக்குத் தனி பாஸ் தேவைப்பட்டது.

திரையரங்கு அனுபவத்தைப் பற்றி எழுதும்போது ஒலியமைப்பு, திரை அகலம், இருட்டு என்று எழுதுகிறோம். அரங்கில் யார் இருந்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதலாம். அதுவும் விமர்சனத்தில் சேர்த்திதான். அது இல்லாமல் 'மாஸ்டர்' நல்ல படமா இல்லையா என்று இந்த ஊரில் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது முதல் வாரமே போகிறேன், தேக்காவிலிருந்து ஆட்கள் வரும் காட்சிக்கே. பாதி வசனம் காதில் விழுவதில்லை. வீட்டுக்கு வந்து இணையத்தில் வரும்போது மறுபடி பார்த்துக்கொள்கிறேன்.