பண்டிதரை ரசிப்பது எப்படி?

'பண்டிதத் தமிழ்' என்றாலே பலரும் முகம் சுளிக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டம் இதற்கு ஒரு காரணம். பேச்சுத் தமிழில் கதை எழுதியவர்களைப் பண்டிதர்கள் கண்டிக்க, பண்டிதர் என்ற சொல்லே பழமைக்குப் பெயராகிவிட்டது. அது நியாயமில்லை என்பதற்கு மட்டக்களப்பின் மண்டூர் சாட்சி.

தமிழ்நாட்டில் ஆபிரகாம் பண்டிதர், அயோத்திதாசப் பண்டிதர் போன்ற வைத்தியர்களும் பண்டிதர் என்ற பெயரால் அறியப்பட்டார்கள். இலங்கையில் இது பெரும்பாலும் பரீட்சை எழுதிப் பெற்ற பட்டம். மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்தர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். இரண்டு படிப்பும் சேர்ந்ததால்தான் பழந்தமிழ் இசையை ஆராயும் அவருடைய யாழ்நூல் பிறந்தது.

குருமண்வெளித் துறையில் பாதை (மிதவைப் படகு) ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடந்தால் மண்டூர். முருகன் கோயிலால் பெயர்பெற்ற இந்த ஊர், புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளையையும் (1899–1978) பண்டிதர் வி.சீ. கந்தையாவையும் தந்தது.

புலவர்மணியின் பகவத்கீதை வெண்பாவை மௌனமாகப் படித்தால் பாதிச் சுவை போய்விடும். முதலில் பொருளைத் தேடாமல் வாய்விட்டுப் படியுங்கள். ஒரு சீரின் முடிவு அடுத்த சீரின் தொடக்கத்தைத் தீர்மானிப்பதைக் காது பிடித்துக்கொள்ளும். ஈற்றடி மூன்றே சீரில் நிற்கும். விரிவான தத்துவத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்த எவ்வளவு பயிற்சி வேண்டும்! பிறகு சொற்களைப் பிரித்துப் பொருள் பாருங்கள்.

கந்தையாவை ரசிக்க வேறு கண் வேண்டும். இலக்கணம் கற்ற அவர், அந்தக் கல்வியை எடுத்துக்கொண்டு வயல்காரர்களிடமும் கோயில் பாட்டுக்காரர்களிடமும் போனார். 1964இல் வந்த 'மட்டக்களப்புத் தமிழக'த்தில் ஊர்ப் பேச்சுக்கும் நாட்டுக் கவிகளுக்கும் அவர் தரும் மரியாதையைக் கவனியுங்கள். படிக்காதவரின் தமிழைப் பண்டிதர் மதிக்கமாட்டார் என்ற எண்ணம் அங்கேயே உடைந்துபோகும். என் கணிப்பில், இருவரில் பெரிய துணிச்சல் இவருடையது.

கண்ணகி கதையைப் பாடும் நூலாக அவர் 1968இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரையை வீட்டிலிருந்து படிப்பதோடு நிறுத்தாதீர்கள். வைகாசியில் மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் சடங்கு நடக்கும்போது நூலோடு போங்கள். பாடுபவர் எங்கே நீட்டுகிறார், எங்கே விரைகிறார் என்று நூலோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். அம்மனைக் குளிர்விக்கும் நிறைவுப் பாடலான குளிர்த்தி பாடி முடியும்வரை எழுந்துவிடாதீர்கள்.