ரவுட்டர் சொல்லும் 'வெற்றி'

டோரன்ட் மென்பொருள்களின் அமைப்புப் பக்கத்தில் யூபிஎன்பி என்றொரு கட்டம் உண்டு. பெரும்பாலும் டிக் செய்யப்பட்டே வரும். நாம் அதைத் தொடாதவரை மென்பொருளும் ரவுட்டரும் தமக்குள் பேசி, வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ளும். நமக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தே ஆக வேண்டிய நேரத்திலும் அது எதையும் உருப்படியாகச் சொல்வதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மீது எனக்குள்ள முதல் குறை.

வசதியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உள்ளிருந்து யாரும் கேட்காத இணைப்பு வந்தால் வீட்டு ரவுட்டர் அதைத் தள்ளிவிடும். பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டோரன்ட்டோ, பெறுகிறவர் எல்லாரும் கொடுக்கவும் வேண்டும் என்ற கணக்கில் கட்டப்பட்டது. இரு முனையிலும் போர்ட் மூடியிருந்தால் அந்த இருவரும் இணைவது கடினம். ஆயிரம் பேர் பகிரும் கோப்பில் இது உறைக்காது. ஒரு பழைய லினக்ஸ் பதிப்பை இரண்டே பேர் வைத்திருக்கும்போதுதான் பதிவிறக்கம் பூஜ்யத்தில் நின்றுவிடும். 192.168.1.1 என்ற ரவுட்டர் பக்கத்துக்குள் போய் விதி எழுதச் சொன்னால் பலர் அத்தோடு விட்டுவிடுவார்கள். அதே 2001-இல் வந்த யூபிஎன்பி ரவுட்டர் விவரக்குறிப்பு அந்தச் சிரமத்தைத் தீர்த்தது. 'உடனே அணைத்துவிடுங்கள்' என்று சொல்பவர்கள் இதை ஏனோ கணக்கில் எடுப்பதில்லை.

வேலை செய்யாதபோதுதான் தொல்லை. முந்தைய திறப்பு காலவரம்பு இல்லாமல் ரவுட்டரில் தங்கிவிடுகிறது. இதற்குள் கணினிக்கு வேறு உள் முகவரி கிடைத்துவிடுகிறது. புதிதாகக் கேட்டால், அந்தப் போர்ட் வேறொருவருக்குப் போய்விட்டது என்று 718 என்ற பிழை எண்ணைத் தருகிறது ரவுட்டர். அந்த எண் மென்பொருளின் பதிவேட்டில் எங்கோ கிடக்கும், யார் பார்க்கிறார்கள்? ரவுட்டர் திறந்துவிட்டாலும் கணினியின் ஃபயர்வால் தடுக்கலாம்.

இவற்றைவிட மோசமானது, 'வெற்றி' என்று பதில் வந்தும் போர்ட் மூடியே இருப்பது. ரவுட்டர் பொய் சொல்லவில்லை. தன் கதவைத் திறந்துதான் விட்டது. அடுக்குமாடியில் நம் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தாலும் கீழே கேட் பூட்டியிருந்தால் விருந்தாளி வர முடியாது அல்லவா? இணையச் சேவை நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியை ஏராளமான வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அந்தப் பங்கீட்டுப் பெட்டியிடம் யூபிஎன்பியின் பேச்சு எடுபடாது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியான வான் (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் இதுதான் நிலை. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசை அது. 10 அல்லது 192.168 என்று தொடங்கினால், நடுவில் இன்னொரு ரவுட்டரோ நிறுவனத்தின் பெட்டியோ இருக்கிறது. வழிகாட்டிகள் பலவும் இந்தச் சோதனையைக் கடைசியில் சொல்கின்றன. முதலில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேரின் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் குற்றச்சாட்டு வலுவானது. வீட்டுக்குள் இருக்கும் எந்தச் சாதனம் கேட்டாலும் கடவுச்சொல் இல்லாமலேயே போர்ட்டைத் திறந்து கொடுப்பதுதான் வழக்கம். வீட்டுக்குள் மட்டும் கேட்க வேண்டிய இந்த அழைப்புக்கு, வெளி இணையத்திலிருந்து கேட்டபோதும் 8 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் பதில் சொன்னதாக 2013-இல் ரேபிட்7 நிறுவனம் அறிவித்தது. தாக்குபவர்கள் இப்படிப்பட்ட ரவுட்டர்களைத் தங்கள் இடைத்தரகராக்கிக் கொண்டதை 2018-இல் அகமாய் நிறுவனம் காட்டியது. தீநிரல் உள்ளே வந்துவிட்டால் யூபிஎன்பி இல்லாமலும் வெளியே பேசும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் என் கவலை தீநிரல் அல்ல. நம்மைக் கேட்காமல் தன்னை வெளியுலகுக்குக் காட்டிக்கொள்ளும் மலிவு கேமராவும் சேமிப்புப் பெட்டியும்தான். டெட்போல்ட் பணயத் தாக்குதலின்போது, 2022-இல், யூபிஎன்பியை அணைக்கும்படி, சேமிப்புப் பெட்டிகளைத் தயாரிக்கும் க்யூநாப் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டி வந்தது.

2013-இல் வந்த பிசிபி நெறிமுறை, நிறுவனத்தின் பெட்டியிடமே போர்ட் கேட்க வழி செய்தது. வீட்டு இணைப்புகளில் அதைத் தருபவர்கள் அரிது. ஐபிவி6-இல் முகவரிப் பங்கீடு தேவையில்லை என்றாலும், ரவுட்டரின் ஃபயர்வால் வரும் இணைப்பைத் தடுக்கும்; அதில் தனியே அனுமதி கொடுக்க வேண்டும்.

ஒரே கணினியில் ஒரே டோரன்ட் மென்பொருளை ஓட்டுபவருக்கு யூபிஎன்பி தேவையில்லை என்பது என் முடிவு. கணினிக்கு மாறாத உள் முகவரி ஒதுக்கி, 49152-க்கு மேல் ஒரு போர்ட்டைக் கையால் திறந்து, ஒவ்வொரு முறையும் போர்ட்டை மாற்றும் தேர்வை அணைத்தால் போதும். விளையாட்டுச் சாதனங்களும் நாலைந்து பேரும் இருக்கும் வீட்டில் யூபிஎன்பியை விட்டுவைக்கலாம். ஆனால் ரவுட்டரில் உள்ள திறப்புப் பட்டியலை அவ்வப்போது பாருங்கள், தெரியாத பெயர் இருந்தால் அந்தச் சாதனத்தைத் தேடிப் பிடியுங்கள். வான் முகவரி 100.64 வரிசையில் இருந்தால் அமைப்புப் பக்கத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள்; சேவை நிறுவனத்தை அழைத்துப் பொது முகவரி கேளுங்கள்.