ஊர் வாய்க்கு அஞ்சுவது இறையச்சமாகுமா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை. பாப்பிரெட்டிப்பட்டியில் பிள்ளைகளுக்குப் பாடம் முடித்து எழுந்தபோது, ஒரு தாயார் கல்லூரியில் பயிலும் தம் மகளின் பையிலிருந்து எடுத்த நாவல் ஒன்றை என் முன் வைத்தார். “ஹஜ்ரத், இதை எங்க புள்ள படிக்கலாமா? யாராச்சும் பாத்தா ஊர்ல என்ன பேசுவாங்க?” என்று கேட்டார். அந்நூல் கவிஞர் சல்மா எழுதி 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’.

அந்தத் தாயார் கேட்டவை இரண்டு வினாக்கள். படிக்கத் தகுமா என்பது ஒன்று. பார்த்தவர் என்ன பேசுவர் என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடை காணவே நூலை வாங்கி வைத்துக்கொண்டேன். படித்து முடித்தபோது, இரண்டாவது வினாவே அந்நூலின் உட்பொருள் என்பது புலனாயிற்று. ஓர் உண்மையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்நாவலைப் படியாமலே, பிறர் சொல்லக் கேட்டுப் பல ஆண்டுகள் குறை கூறி வந்தவன் நான். ஒரு நூலைப் படியாது பழிப்பவனுக்கும், ஒரு பெண்ணை அறியாது பழிப்பவனுக்கும் வேறுபாடு மிகுதியில்லை.

சல்மா 1968-இல் திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்தவர். பதின்மூன்று வயதளவில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டிற்குள் இருத்தப்பட்டார். திருமணத்திற்குப் பின் இரவில் மறைந்திருந்து கவிதை எழுதினார். தாயாரின் துணையால் அக்கவிதைகள் வீட்டை விட்டு வெளியேறின. எழுதியவர் இன்னார் என்று ஊர் அறியாதிருக்கவே ‘சல்மா’ என்ற புனைபெயர் பிறந்தது. 2001-இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவரானார். 2025-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். மறைந்து எழுதியவர் மன்றத்தில் அமர்ந்தார் என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அவர் எதற்காக மறைந்து எழுத நேர்ந்தது என்ற வினா அதனால் நீங்கிவிடவில்லை.

இவருக்கு 66 ஆண்டுகளுக்கு முன்பே, நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் அம்மையார், மூன்றாம் வகுப்போடு பள்ளிக் கல்வி நின்றுபோன நிலையிலும், 1938-இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதற்கு முகவுரை அளித்தார். அந்த நூலின் பெயரே ஒரு வினா. காதலையும் கடமையையும் இரு தட்டுகளில் இட்டு நிறுக்கும் உரிமை மனிதருக்கு உண்டு என்பது அவ்வினாவின் அடிப்படை. சல்மாவின் நாவலில் வரும் பெண்களுக்கோ அவ்வினாவைக் கேட்கும் வாய்ப்பே கிட்டுவதில்லை. காதலின் இடத்திலும் கடமையின் இடத்திலும் அச்சமே அமர்ந்திருக்கிறது.

நாவலின் பெரும்பகுதி ராபியா என்னும் சிறுமியின் கண் வழியே விரிகிறது. பெரியோர் தாழ்ந்த குரலில் பேசுவதை அவள் கேட்கிறாள்; பொருள் முழுதும் விளங்காமலே அச்சத்தை மட்டும் கற்றுக்கொள்கிறாள். அழகியாகிய பிர்தவ்ஸ், தனக்குச் சற்றும் பொருந்தாத கணவனை ஏற்க மறுத்துத் தாய்வீடு திரும்புகிறாள். மறுமணத்திற்கு வழி காட்டுவார் இல்லை. எதிர்வீட்டுச் சிவாவுடன் மறைவான உறவு தோன்றுகிறது. செய்தி கசிந்தபோது பெற்ற தாயே நஞ்சைக் கொடுக்கும் அளவிற்குக் கதை செல்கிறது. அதே குடும்பத்தில், வேலைக்காரப் பெண் மாரியாயியோடு குடும்பத் தலைவர் ஒருவர் கொண்டுள்ள உறவை ஊரே அறியும். ஆனால் அவரை எவரும் கேட்பதில்லை. பாவம் என்று இரண்டையும் ஒருங்கே கண்டித்திருந்தால் அது மார்க்கம். ஒன்றைக் கொன்று மற்றொன்றைக் காணாதிருப்பது மார்க்கமன்று, ஊர் வழக்கம். இவ்வேறுபாட்டை இத்துணைத் தெளிவாகக் காட்டிய தமிழ் நாவலை நான் வேறு படித்ததில்லை.

குறைகளும் உள. உறவினர் பெயர்கள் அடுக்கடுக்காக வருவதால் யார் யாருக்கு என்ன முறை என்று தடுமாறுகிறோம். ஆண்கள் பெரும்பாலும் நிழல்களாகவே நடமாடுகின்றனர். மார்க்கத்தின் இரக்கத்தை எடுத்துச் சொல்லும் ஓர் ஆலிமேனும் இல்லையே என்ற குறை எனக்கு முதலில் பெரிதாகத் தோன்றிற்று. இக்குறையை மட்டும் சற்று நின்று ஆராய வேண்டும்.

ஊர்ப்பேச்சு புதியதன்று. தமிழ் அகப்பொருள் மரபு அதற்குப் பெயரிட்டே வைத்திருக்கிறது. சிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல். பலர் அறியத் தூற்றுவது அலர். திருக்குறளில் 115-ஆம் அதிகாரமான ‘அலரறிவுறுத்தல்’ முழுவதும் இதற்கே உரியது. அலர் காதலை அழிக்காது, வளர்க்கவே செய்யும் என்பது வள்ளுவர் காட்டும் விந்தை. அரபு இலக்கியத்திலும் இதற்கு இணை உண்டு. ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் 994-இல் பிறந்து 1064-இல் மறைந்த இமாம் இப்னு ஹஸ்ம், ஃபிக்ஹுச் சட்டக்கலையில் பெரும்புலவர். அவரே காதலின் இயல்பு குறித்து ‘தவ்குல் ஹமாமா’ என்னும் நூலை 30 இயல்களில் எழுதினார். இடித்துரைப்பவன் (ஆதில்), உளவு பார்ப்பவன் (ரகீப்), கோள் சொல்பவன் (வாஷீ) என ஊராரை வகுத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் இயல் தந்தார். பாவத்தின் இழிவையும் கற்பின் உயர்வையும் கூறும் இரு இயல்களோடு நூலை முடித்தார். காதலைப் பற்றிப் பேசுவது ஒழுக்கக்கேடு என்று அவர் கருதவில்லை. பேசாது மறைப்பதே ஒழுக்கம் என்றும் கருதவில்லை.

இவ்விரு மரபுகளும் மருந்தையும் உடன் கூறின. தமிழில் அதன் பெயர் ‘அறத்தொடு நிற்றல்’. தலைவி தன் உள்ளத்தைத் தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உரைப்பர். மறைந்திருந்த உண்மை இவ்வாறு படிப்படியாக வெளிப்பட்டு மணத்தில் முடியும். உண்மையை உரிய இடத்தில் எடுத்துச் சொல்வதற்கு ‘அறம்’ என்றே நம் முன்னோர் பெயரிட்டதை எண்ணிப் பார்க்க வேண்டும். இப்னு ஹஸ்மும் உதவும் நண்பனுக்கு ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார்.

சல்மாவின் நாவலில் அலர் இருக்கிறது. ரகீபும் வாஷீயும் இருக்கின்றனர். தோழி மட்டும் இல்லை. தாய் அறிந்தால் நஞ்சு, உறவினர் அறிந்தால் ஏச்சு. உண்மையைக் கேட்டு ஆவன செய்யும் செவி எவரிடமும் இல்லை. நல்ல ஆலிம் ஒருவரும் அங்கே இல்லாதது ஆசிரியரின் மறதியன்று, நம்மைப் பற்றிய குற்றச்சாட்டு என்று இப்போது உணர்கிறேன்.

மார்க்கம் இவ்வாறா கற்பித்தது? விடுதலை பெற்ற அடிமைப் பெண் பரீரா (ரலி), அடிமையாயிருந்த தம் கணவர் முகீதைப் பிரிய விரும்பினார். முகீத் தாடி நனைய அழுதபடி மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே நடந்தார். அந்தக் கண்ணீரைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரை எள்ளவில்லை. இரக்கங்கொண்டு பரீராவிடம் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரை மட்டுமே என்று விடை வந்தது. அப்படியாயின் அவர் எனக்குத் தேவையில்லை என்றார் அப்பெண்மணி. எவரும் அவரைப் பழிக்கவில்லை. தந்தை தம் விருப்பத்திற்கு மாறாக மணம் முடித்ததை முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் திருமணத்தைப் பெருமானார் ரத்துச் செய்தார்கள். இரு செய்திகளும் ஸஹீஹ் புகாரியில் உள்ளன. ஜைனப் (ரலி) அவர்களின் மணம் குறித்த அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 37-ஆம் வசனமோ, மனிதர் பேச்சுக்கு அஞ்சுவதினும் அல்லாஹ்வுக்கு அஞ்சுவதே தக்கது என்னும் கருத்தை நபிகளாருக்கே நினைவூட்டுகிறது. இதனை ஓதும் நாம், ஊர் வாய்க்கு அஞ்சி நடுங்குவதையே தக்வா என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இது முஸ்லிம் வீடுகளை மட்டும் பற்றிய நோயன்று. எங்கள் தருமபுரி மாவட்டத்திலேயே, சாதி கடந்து மணந்த இருவரின் பொருட்டுப் பெண்ணின் தந்தை பழிச்சொல் தாங்காது உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி பரவ, 2012 நவம்பர் 7-ஆம் நாள் நத்தம் முதலிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 2013 ஜூலை 4-ஆம் நாள் அந்த இளைஞனின் உடல் இருப்புப்பாதை ஓரம் கிடந்தது. ஒரு தந்தை, ஒரு மகன், இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள்! அலர் என்பது வெறும் சொல் என்று இனியும் எவர் கூறுவார்?

என் வீட்டுக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், இளம் வயதில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் தமையன் என்னிடம் வந்தான். தங்கையை மணக்க ஒரு நல்ல மனிதர் கேட்கிறார், அவளுக்கும் சம்மதமே, என்ன செய்யலாம் என்றான். “கொஞ்ச நாள் போகட்டும் தம்பி, ஊர் வாய் பொல்லாதது” என்றேன். ஷரீஅத் அவளுக்கு விதித்த இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அது எப்போதோ முடிந்திருந்தது. ஊர் விதித்த இத்தாவிற்கு முடிவே இல்லை. அதற்கு முத்திரை இட்டவன் நான். கேட்டவர் காத்திருந்து சலித்து வேறிடம் மணந்துகொண்டார். பிர்தவ்ஸின் கதையைப் படித்த இரவில், அத்தமையனின் முகமே என் கண் முன் நின்றது. அன்று நான் அறத்தொடு நின்றிருக்க வேண்டியவன், அலரோடு நின்றுவிட்டேன்.

எவர் பேச்சையும் பொருட்படுத்தாது மனம் போனபடி வாழலாம் என்பது என் கருத்தன்று. நல்லோர் கூறும் அறிவுரைக்கும், ஊர் தூற்றும் பழிக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. அறிவுரை முகத்துக்கு நேரே வரும், வழியையும் காட்டும். பழி முதுகுக்குப் பின்னே வரும், வழியை அடைக்கும். நிக்காஹ் என்பதே வெளிப்படையான செயல். சாட்சிகள் இல்லாமல் அது நிறைவேறாது. வெளிப்படையாக அன்பு செலுத்த மார்க்கம் திறந்து வைத்த வாயிலை ஊருக்கு அஞ்சி நாம் அடைத்துவிட்டால், இளையோர் கொல்லைப்புற வழியையே நாடுவர். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

அந்தத் தாயாரிடம் நூலைத் திருப்பிக் கொடுத்தேன். “புள்ள படிக்கட்டும்மா. நீங்களும் படிங்க. படிச்சு முடிச்சதும், மனசுல என்ன இருந்தாலும் எங்கிட்ட சொல்லுன்னு புள்ளகிட்ட சொல்லுங்க” என்றேன். “ஊர்ல கேட்டா?” என்றார் மறுபடியும். “ஹஜ்ரத்தான் படிக்கச் சொன்னாருன்னு சொல்லுங்க” என்றேன்.

மறுநாள் அஸருக்குப் பின் அத்தமையனின் வீட்டிற்குச் சென்றேன். தங்கைக்கு வேறிடம் பார்க்க நானே முன்னிற்பதாகவும், முதலில் அவளுடைய விருப்பத்தைக் கேட்டு வருமாறும் கூறினேன். இத்தனை காலம் தாழ்த்தியதற்கு அவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.