யோபு ஆகமமும் அதன் உரைமரபும்

வேதாகமத்தில் உரையாசிரியர்களை மிகுதியும் சோதித்த நூல் யோபு ஆகமமே என்பது என் துணிபு. ஊத்ஸ் தேசத்து நீதிமான் ஒருவன் மக்களையும் மந்தைகளையும் இழந்து, சர்வாங்கமும் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் தன்னைச் சுரண்டிக்கொண்டிருக்கையில், ஏழு நாள் வாய்திறவாது உடனிருந்த நண்பர் மூவரும், அவன் தான் பிறந்த நாளைச் சபித்த மாத்திரத்தில், பாவமின்றித் துன்பமில்லை என்ற சித்தாந்தத்தோடு தேவநீதிக்காக வழக்காடப் புறப்பட்டுவிடுகின்றனர். 42-ஆம் அதிகாரத்திலோ, தம்மோடு வாதாடிய யோபுவே சரியாகப் பேசினான் என்றும், தமக்காகப் பரிந்துரைத்தவர்கள் அவ்வாறு பேசவில்லை என்றும் கர்த்தர் தீர்ப்பளிக்கிறார். உரைகளுக்கெல்லாம் இத்தீர்ப்பே உரைகல்.

590-இல் போப்பாண்டவரான கிரிகோரியார், அதற்கு முன் கான்ஸ்டாண்டிநோபிளில் தூதராக வசித்தபோது தொடங்கிய 'மோராலியா' என்னும் யோபு உரை 35 பாகங்களாக விரிந்தது. சரித்திரப்பொருள், மறைபொருள், ஒழுக்கப்பொருள் என மூவகையாக உரைப்பது அவர் முறை. யோபுவின் புதல்வர் எழுவர். ஏழாவது மூன்றும் நான்கும் கூடியது. அவ்விரண்டையும் பெருக்கப் பன்னிரண்டாம். ஆதலின் அப்புதல்வர் அப்போஸ்தலரைக் குறிப்பர் என்பார். இக்கணக்கை இகழ்வோர், வயிற்றுநோயாலும் காய்ச்சலாலும் மெலிந்திருந்த அம்மகான், வாதிக்கப்பட்டவனுக்கு வாதிக்கப்பட்டவனே உரை காண்பது தெய்வசித்தம் போலும் என்று எண்ணி எழுதியதை மறக்கலாகாது. ஆயினும், யோபுவின் சாபத்தைச் சொற்படி கொள்ளலாகாதென்று மறைபொருளுக்குள் புகுத்தியதால், அவன் அலறல் நம் செவிக்கு எட்டாமற் போயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ், மறைபொருளைக் கிரிகோரியார் நிறையச் சொல்லிவிட்டாரென்று வணங்கி விலகி, சொற்பொருளையே விளக்கப் புகுந்தார். நல்லவனும் வேதனையில் வேதனைப்படுவான். அத்துக்கம் மனித இயல்புக்குரியது. அதனால் அவன் விவேகம் அழிந்ததாகாது என்பது அவர் முடிவு. இவ்வுரையையே நான் பெரிதும் போற்றுகிறேன்.

ஜெனீவாவில் 1554-55-இல் இந்நூல்மீது 159 பிரசங்கங்கள் செய்த கால்வின், யோபு நல்ல வழக்கைத் தீய முறையில் வாதித்தான், நண்பர்கள் தீய வழக்கை நல்ல நியாயங்களால் வாதித்தார்கள் என்றார். நுட்பமான கூற்றே, அந்நண்பருள் ஒருவனான எலிப்பாசின் வாக்கொன்றைப் பவுலடிகளும் கொரிந்தியருக்கு எடுத்தாண்டிருக்கிறார். எனினும் மெய்யான வாக்கும் தகாத இடத்தில் சொல்லப்பட்டால் கொடுமையாகிவிடுகிறது. பெரு நாட்டு ஏழைகளிடையே ஊழியம் செய்த குஸ்தாவோ குத்தியேரெஸ், 1986-இல் வெளிவந்த தம் நூலில், குற்றமற்றோர் துன்புறுகையில் கடவுளைப்பற்றி எவ்வாறு பேசுவது என்பதையே இவ்வாகமத்தின் கேள்வியாக எடுத்துக்கொண்டார். முதல் அதிகாரத்தில் சாத்தான் எழுப்பும் ஐயமும் இதனோடு இணைந்ததே: ஆதாயம் கருதாத பக்தி உண்டோ? விசுவாசத்துக்குக் கூலியாக நலம் வருமென்றால் கிருபைக்கு இடமேது?

நம் சபைகளில் 8-ஆம் அதிகாரத்து 7-ஆம் வசனம், அற்பமான தொடக்கம் பெரிய முடிவாகும் என்ற பொருளில், புத்தாண்டு வாக்குத்தத்தமாக வழங்கப்படுகிறது. அது யோபுவின் நண்பருள் ஒருவனான பில்தாத் சொன்னது. அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்புதான், பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம், அவர்கள் தங்கள் பாவத்தால் மாண்டார்கள் என்ற கருத்தை அவன் வெளியிடுகிறான். துக்கவீட்டுக்கு இந்நூலை எடுத்துச்செல்லும் போதகர்கள், வசனத்தைச் சொன்னவன் யார், யாரிடம் சொன்னான் என்று பார்த்த பின்பே வாசிக்கும்படி வேண்டுகிறேன்.