கவர் இருக்கு, கடிதம் இருக்கா?

எக்சோசோம் என்றாலே 'செல்கள் போடும் கடிதம்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்குத் தகராறு இந்த உவமையோடுதான்.

2007ல் ஸ்வீடனின் லோட்வால் குழு மாஸ்ட் செல்களின் எக்சோசோமுக்குள் மைக்ரோ ஆர்என்ஏ இருப்பதைக் காட்டியது. 2011ல் மாட்ரிட் குழு, அது டி செல்லிலிருந்து ஆன்டிஜெனைக் காட்டும் செல்லுக்கு ஒருவழிப் பாதையாகப் போவதையும், போன இடத்தில் ஒரு ரிப்போர்ட்டர் ஜீனை அடக்குவதையும் காட்டியது. பிரமாதமான வேலை.

ஆனா எண்ணிக்கைன்னு ஒண்ணு இருக்கே! 2014ல் செவிலெட்டும் தெவாரியும் எண்ணிப் பார்த்தாங்க. மாஸ்ட் செல், டென்ட்ரிடிக் செல் உட்பட ஐந்து வகை மாதிரிகள். அதிகமாக இருக்கிற மைக்ரோ ஆர்என்ஏகூட, ஒரு பிரதி கிடைக்க சராசரியாக நூறு எக்சோசோமுக்கு மேல் பிரிக்கணும். நெட்வொர்க் பாஷையில், பாக்கெட் வருது, பேலோட் காலி.

மாட்ரிட் முடிவு இதனால் பொய்யாகிவிடாது. இரண்டு செல்களும் ஒட்டி நிற்கும் குறுகிய இடைவெளியில் எக்சோசோம்களைக் கொட்டினால் கணக்கு மாறலாம். ரத்தத்தில் மிதந்து தூரத்துக்குப் போகிறவற்றுக்கும் அதே கதையை நீட்டுவதுதான் இடிக்குது.

இன்னொன்று. 1996லேயே ரபோசோ குழு, பி செல் எக்சோசோமின் மேற்பரப்பில் உள்ள எம்எச்சி புரதமே டி செல்லைத் தூண்டும் என்று காட்டியாச்சு. அங்கே சேதி கவரின் மேலேயே இருக்கு. ஆர்என்ஏ மோகத்தில் அதை யாரும் பேசுவதில்லை.