முதுமையியல் சான்றிதழ்: யாருக்குப் பயன்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஜெரன்டாலஜி எனப்படும் முதுமையியலுக்குச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு பாடங்கள். வேலையை விடாமலே ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிடலாம். முதியோர் பெருகுகிறார்கள், அதனால் அவர்களுக்கான வேலைகளும் பெருகும், அதனால் இந்தச் சான்றிதழ் வேலை வாங்கித்தரும் என்பது இதற்குச் சொல்லப்படும் வாதம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது அவற்றிலிருந்து தானாக வந்துவிடாது.

2020 கணக்கெடுப்பின்படி அங்கே 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 5.58 கோடிப் பேர், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவர். 1946 முதல் 1964 வரை பிறந்த பெருந்தலைமுறையில் கடைசி ஆளும் 2030க்குள் 65ஐ எட்டிவிடுவார். ஆள் தேவை பெருகுவதில் ஐயமில்லை. எந்த வேலைக்கு ஆள் தேவை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதிகம் தேவைப்படுவோர் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள். 2023இல் அவர்களுடைய இடைநிலை ஊதியம் ஆண்டுக்குச் சுமார் 33,500 டாலர். முதியோர் இல்லத்தில் செவிலி உதவியாளராவதற்கு 1987ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கேட்பது குறைந்தது 75 மணிநேரப் பயிற்சியும் ஒரு தேர்வும். இந்த வேலைகளுக்குப் பல்கலைக்கழகச் சான்றிதழ் மிகை. மேல்படியில் இருக்கும் செவிலியர், இல்ல நிர்வாகி, மருத்துவச் சமூகப் பணியாளர் போன்றோருக்கு வழி திறப்பது மாநில அரசு தரும் உரிமம். முதுமையியலாளர் என்று உரிமம் வழங்கும் மாநிலம் எதுவும் இல்லை. கீழே தேவைப்படாமலும் மேலே செல்லுபடியாகாமலும் இந்தச் சான்றிதழ் இடையில் நின்றுவிடுகிறது.

ஒரு விதியை எடுத்துப் பார்க்கலாம். 120க்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள முதியோர் இல்லம் தகுதியுள்ள முழுநேரச் சமூகப் பணியாளர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அந்தத் தகுதிக்கு ஏற்ற பட்டங்களின் வரிசையில் 2016இல் முதுமையியலின் பெயரும் சேர்ந்தது. துறைக்குக் கிடைத்த அங்கீகாரம்தான். ஆனால் விதி கேட்பது இளநிலைப் பட்டமும் மேற்பார்வையின் கீழ் பெற்ற ஓராண்டுப் பணி அனுபவமும். வெறும் சான்றிதழோடு போனால் அந்த இடம் கிடைக்காது.

வேலைக் கணக்கு இத்துடன் முடிகிறது. அறிவுக் கணக்கு வேறு. அனுபவமுள்ள செவிலிக்கு ஏட்டுப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர் நாள்தோறும் பார்ப்பது நோயுற்ற முதியவர்களை. 65ஐக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோரோ தம் வீட்டிலேயே வாழ்கிறார்கள். மருத்துவமனைக் கட்டிலை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு முதுமை என்றாலே நலிவு என்று தோன்றிவிடும். மறதி கண்டால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார். அது மனச்சோர்வாகவோ மருந்தின் பக்கவிளைவாகவோ இருக்கக்கூடும். இந்தப் பார்வைக் கோளாறை அனுபவம் நீக்காது, வளர்க்கவும் செய்யலாம். உடலியல், உளவியல், சமூகவியல், சட்டம் நான்கையும் ஒரே ஆளின் மேல் பொருத்திப் பார்க்க இந்தப் படிப்புதான் பழக்குகிறது.

பணம் யார் கொடுப்பது என்பதும் அந்த அறிவில் அடக்கம். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது போன்ற அன்றாடப் பராமரிப்பு மட்டும் ஆண்டுக்கணக்கில் தேவைப்பட்டால் அதற்குப் பணம் தராது. வறியோருக்கான மெடிகெய்டு தரும், கையிருப்பு பெரும்பாலும் கரைந்த பிறகு. 1965இல் வந்த முதிய அமெரிக்கர் சட்டத்தின் கீழ் வீட்டுக்கு உணவு, போக்குவரத்து உதவி எல்லாம் உண்டு. ஆனால் கேட்கத் தெரிந்தவருக்கே கிடைக்கும். இதையெல்லாம் அறிந்த சமூகப் பணியாளர் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே காப்பாற்றிவிட முடியும். செவிலியர், இயன்முறை மருத்துவர், வீட்டு வடிவமைப்பாளர், வங்கி அலுவலர் என முதியவர்களை அன்றாடம் எதிர்கொள்ளும் எவருக்கும் இது பயன்படும். இவர்களுக்கு வேலை ஏற்கெனவே இருக்கிறது. சான்றிதழ் அதன் தரத்தைக் கூட்டுகிறது.

எல்லாச் சான்றிதழ்களும் ஒன்றல்ல. முதியவர்களோடு நேரடிக் களப்பணி கட்டாயமா, பெறும் மதிப்பலகுகளைப் பின்னர் முதுநிலைப் பட்டத்தில் கழித்துக்கொள்ளலாமா, முன்பு படித்தவர்கள் இன்று எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் தராத பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

ஆகவே, உரிமமோ தொழிலோ கையில் உள்ளவர் களப்பணியோடு கூடிய சான்றிதழைத் தயங்காமல் படிக்கலாம். சம்பள உயர்வை மட்டும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இனிமேல்தான் தொழில் தேட வேண்டியவர் இதே பணத்தையும் காலத்தையும் செவிலியம், சமூகப் பணி போன்ற உரிமம் தரும் படிப்பில் முதலில் போடட்டும். முதுமையியல் அவருக்கும் தேவைதான். ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டிய படிப்பு. அதை முதல் படிப்பாக விற்கும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.